தகவல்: ஓட்டுநர்

'தெரியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டியவர். சொந்த ஊர் மேலே, மலையில். ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே என் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்லூரிக்குப் போகும் நாட்களில் நான் பஸ்ஸுக்காக அங்கேதான் நிற்பேன். பஸ் வருமா என்று வேறு யாரைக் கேட்டாலும் "வரும்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இவரைக் கேட்டால் பஸ் இப்போது எந்த ஊரில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதுவரை விவரம் வரும்.

"சந்தவாசல்ல பஞ்சர், பாப்பா. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. டிரைவரு டீக்கடையில குந்திக்கினு வடை தின்றாரு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்து எங்கள் எதிரில் நிற்கும். அதற்காக அவர் முகம் மாறியதே இல்லை.

"இது வேற பஸ்," என்பார்.

வழி கேட்டு வருபவர்கள் பாவம். தான் போகாத ஊருக்கும் அவர் வழி சொல்வார். இடப்பக்கம் ஒரு புளியமரம், அதைத் தாண்டி ஒரு பம்புசெட்டு, பம்புசெட்டில் ஒரு ஆள் குளித்துக்கொண்டிருப்பான், அவனைக் கேள் என்று அவ்வளவு துல்லியமாக. ஒருமுறை இலவச மருத்துவ முகாமில் அவருடைய இரத்த வகையைக் கேட்டிருக்கிறார்கள். "ஓ ஏ பி" என்றிருக்கிறார். அப்படி ஒரு வகையே இல்லை என்றார் டாக்டர்.

"கீழ நாட்டுல இல்லாம இருக்கலாம் சார். மலையில கீது."

அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பொய்யருக்கு ஏதாவது ஆதாயம் இருக்கும். இவருக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டு வந்தவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை.

பட்டம் முடித்து, தேர்வெழுதி, வெளியூரில் ஓர் அருங்காட்சியகத்தின் பதிவேட்டுப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. எந்த அருங்காட்சியகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் வேலையில் இருப்பவர்களுக்குச் சங்கடம். சேர்ந்த முதல் மாதமே பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலையைத் தலையில் கட்டினார்கள். எண், பொருள், கிடைத்த இடம், பயன், தகவல் என்று ஐந்து கட்டங்கள். ஜவ்வாது மலை என்ற பெயரைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. என்னுடைய பள்ளிக்கூட வயதில் ஓர் ஆய்வுக் குழு வாடகை ஜீப்பில் அந்த மலையில் பத்து நாள் சுற்றிப் பழங்குடி மக்களின் வீடுகளிலிருந்து சேகரித்த பொருட்கள் அவை.

முதல் பொருள், மூங்கில் கூடை. பயன்: 'திருமணமான பெண் முதல் மூன்று நாள் இதனுள் அமர்ந்திருப்பாள்.'

அளவைப் பார்த்தேன். அதற்குள் ஒரு கோழி உட்காரலாம். இரண்டு கோழி என்றால் நெருக்கம்.

அடுத்தது, ஓட்டை விழுந்த ஒரு மரக்கட்டை. பயன்: 'முன்னோரின் மூச்சு இதன் வழியே வந்து போவதாக நம்பிக்கை.' அதற்கடுத்து ஒரு மரத் துடுப்பு. பயன்: 'வறட்சிக் காலத்தில் பூசாரி இதனால் தரையை மூன்று முறை அடித்து மழையை அழைப்பார். பிடியில் காணப்படும் கருகல், வேள்வித் தீயின் தழும்பு.'

எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்தத் துல்லியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன். கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. 'தகவல்: ஓட்டுநர்.'

பக்கத்தைப் புரட்டினேன். ஓட்டுநர், ஓட்டுநர், ஓட்டுநர். அவர் பெயரை எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. நானும் இங்கே எழுதவில்லை, ஆனால் என் காரணம் வேறு.

அடுத்த விடுமுறையில் போளூர் போனபோது நேராக அவரிடம் போனேன். ஜீப்பின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா, கோழிக் கூடையில கல்யாணப் பொண்ணு குந்துவான்னு சொன்னீங்களா?"

துடைப்பதை நிறுத்தவில்லை. "அத்த எழுதிக்கினாங்களா?"

"ஒருத்தர் அத வச்சி ஆராய்ச்சிப் பட்டமே வாங்கியிருக்காரு."

"நல்லாருக்கட்டும்," என்றார் மனதார. பிறகு சொன்னார். "பேனாவத் தொறந்து புடிச்சிக்கினு நிக்கிறாங்க பாப்பா. கூடைக்குள்ள இன்னா சேதின்னு கேக்கறாங்க. ஒரு சேதியும் இல்லன்னா மூஞ்சி சுண்டிப்போவுது. அவ்ளோ தூரத்துலர்ந்து வந்துக்கீறாங்க."

இதை வைத்து நான் பல வருஷம் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு நின்றது, புதிய காப்பாட்சியர் வந்த பிறகு.

நல்ல பெண்மணி. பழங்குடிகளிடமிருந்து எடுத்த பொருட்களை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தார். அதற்காக ஓயாமல் கடிதம் எழுதி, மேலிடத்தில் அனுமதியும் வாங்கினார். முதலில் எதைத் திருப்புவது? எங்கள் நடுக்கூடத்தில், தனிக் கண்ணாடிப் பெட்டியில், தனி விளக்கின் கீழ் நின்ற பொருளைத்தான். மழைத் துடுப்பை.

எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். இளநிலை உதவியாளரான நான் எழுந்து நின்று, "அம்மா, அது களி கிண்டுற துடுப்பு" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

மலையில், ஜீப்புக்காரருடைய ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். துடுப்புக்குப் பட்டுத்துணி சுற்றி மாலை போட்டிருந்தது. மைக் முன்னால் ஒவ்வோர் அதிகாரியாக வந்து பண்பாடு என்ற சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். காப்பாட்சியர் பட்டுத்துணியை விலக்கினார். பெண்கள் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அவர் அதை ஆனந்த அழுகை என்று நினைத்துத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவர்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, உங்க மாமியார் துடுப்புடி!"

"ஆமா, புடியில தீஞ்சிருக்குது பாரு. அடுப்புல வுட்டுட்டு எங்க மாமனாருகிட்ட வாங்கிக் கட்டிக்கினாங்களே!"

காப்பாட்சியர் துடுப்பை உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, பந்தல் துணி பானை மாதிரித் தொங்கும் அளவுக்கு. அதிகாரிகள் எல்லோரும் எழுந்து துடுப்பைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஜீப்புக்காரர் ஓர் ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மழை விட்டதும் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர், காப்பாட்சியரிடம் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர்.

"துடுப்பு வந்துச்சி, சந்தோசம்மா. எங்க கோலு எப்ப வரும்?"

"என்ன கோல்?"

ஊர்க்கவுண்டர் திரும்பி ஜீப்புக்காரரைப் பார்த்தார். ஜீப்புக்காரர் குனிந்து டயரைப் பார்த்தார்.

அந்தக் கோலைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஆள் உயரம். ஐந்து இரும்பு வளையங்கள். சாமை விதைப்பதற்கு முன்னால் வரும் திருவிழாவில் ஊர்க்கவுண்டர் கையில் இருக்கும். அதை வைத்து என்ன செய்வார்கள் என்பது அந்த ஊருக்குள் இருக்க வேண்டிய விஷயம். ஆய்வுக் குழு வந்துபோன வருஷத்திலிருந்து அவர்கள் அதற்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியை வைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். காரணம், ஒவ்வொரு வருஷமும் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. 'அடுத்த ஆண்டு அனுப்பி வைக்கிறோம்' என்று. அதை ஊருக்குப் படித்துக் காட்டியவர் ஜீப்புக்காரர்.

எங்கள் அலுவலகத்தில் கடிதப் பதிவேடும் என் பொறுப்புதான். அந்த ஊருக்கு ஒரு கடிதமும் போனதில்லை.

பதிவேட்டைத் தேடினேன். ஐந்து வளையங்கள் உள்ள தடி இருந்தது. கிடங்கில், கடைசி அலமாரியில். பயன்: 'மாடு மேய்க்கும் தடி.' தகவல்: யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து அவரும் ஊர்க்கவுண்டரும் அருங்காட்சியகத்துக்கு வந்தார்கள். ஜீப்பிலேயே வந்திருந்தார்கள். ஜீப்புக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து, யாரோ பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தார். ஊர்க்கவுண்டரைக் கிடங்குக்குக் கூட்டிப் போய்த் தடியைக் காட்டினோம். கண்காணிப்பாளர் கையுறையை நீட்டினார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார் ஊர்க்கவுண்டர். குழாயைக் கேட்டு, கை கழுவி வந்தார். மூன்றாவது வளையத்துக்குக் கீழே விரலை வைத்துத் தடவினார். அங்கே ஒரு வெட்டு இருந்தது. அது இருக்கும் என்று அவர் அப்பா சொல்லியிருந்தாராம்.

காப்பாட்சியரின் அறையில் ஜீப்புக்காரர் நின்றுகொண்டேதான் பேசினார்.

"அது மாட்டுத் தடி இல்லம்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

"பொய்யா? அப்ப மழைத் துடுப்பு?"

"களி கிண்டறதும்மா."

"மணப்பெண் கூடை?"

"கோழி கவுக்கறது."

"முன்னோர் மூச்சு?"

"அது வண்டிச் சக்கரத்துக் குடம். ஒடஞ்சது."

காப்பாட்சியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்தப் பதிவேட்டுல உண்மைன்னு எதுவுமே இல்லையா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "ஊர் பேரெல்லாம் கரெக்ட்டும்மா."

ஊர்க்கவுண்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மாமா, வருசா வருசம் லெட்டர் வந்துச்சின்னு படிச்சியே?"

"கரண்ட்டு ஆபீசு காயிதம்," என்றார் இவர். குரல் கீழே போயிருந்தது. "அதுலயே பாத்துப் படிச்சேன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பதிவேட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். மறைத்தது சிரிப்பையா வேறெதையாவதா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

விதி தெரிந்தவர் எங்கள் கண்காணிப்பாளர். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே சொன்னார். "புனிதப் பொருள்னா உயர்மட்டக் குழுவுக்குப் போகணும். குழு ஆதாரம் கேக்கும். நம்ம ஆதாரம் பதிவேடு. பதிவேட்டுக்கு ஆதாரம் இவரு. அன்னிக்கு மாட்டுத் தடின்னு சொன்னதும் இவரு, இன்னிக்கு இல்லன்னு சொல்றதும் இவரு. குழு எந்த இவர நம்பும்?"

"அப்ப வழியே இல்லையா?"

"மாட்டுத் தடியாவே இருந்தா வழி இருக்குது. நம்மகிட்ட மாட்டுத் தடி ஏழு கிடக்குது. ஒண்ண ஒரு பள்ளிக்கூடத்துக் காட்சிக்கு நாமளே கொடுத்துடலாம், குழு வேணாம். இவரு சொன்ன தகவல் சரிதான்னு மறுபடியும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான். 'மேற்படி பொருள் மாடு மேய்க்கும் தடியே எனத் தகவல் தந்தவர் உறுதி செய்கிறார்.' அரசு வேலையில் தெரிந்தே ஒரு பொய்யைத் தட்டினேன். அதற்காக வருத்தமில்லை. எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டினேன்.

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் குழு வந்த அன்னிக்கு எல்லாம் அறுப்புக்குப் போய்ட்டாங்க பாப்பா. இவங்க அப்பாதான் அப்ப ஊர்க்கவுண்டரு. கீழ எறங்கியிருந்தாரு. வூட்ல அந்த அம்மா மட்டும். கவுருமெண்டு ஆளுங்கள பாத்து பயந்துக்கினு, கை காட்டறதெல்லாம் எடுத்துக் குடுக்குது. பரண்மேல கோல பாத்துட்டானுங்க. இன்னா இதுன்னு என்ன கேட்டானுங்க. சாமி சமாச்சாரம்னா வுட மாட்டானுங்க. அதான் மாடு ஓட்டற தடின்னேன். வாழ்க்கையில ஒரு பொய் யோசிச்சி சொன்னேன்னா அது ஒண்ணுதான்."

டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"ஒருத்தன் நோட்டப் பாத்தான். இந்த மலையோட மாட்டுத் தடி நம்மகிட்ட இல்லையே, அத்தயும் எடுத்துக்கன்னான். அவங்களே ஏத்தல பாப்பா. எடுத்துப் போடுப்பான்னாங்க. நான்தான் ஏத்துனேன்."

"இதை ஊர்ல சொல்லியிருக்கலாமேண்ணா."

"எப்ப வரும்னு கேட்டாங்க. அடுத்த வருசம்னு வாயில வந்துடுச்சி. அதுக்கப்புறம் எங்கர்ந்து சொல்றது? இன்னிக்கி ஒரு தபா உண்மைய சொல்லலாம்னு சவரம் பண்ணிக்கினு வந்தா, அந்தாளு மறுபடியும் பொய்யிலயே கையெழுத்துப் போடுங்கிறாரு."

ஊர்க்கவுண்டர் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. அந்த அம்மா என்று இவர் சொன்னது அவருடைய தாயை.

"போடு மாமா," என்றார். "கோலு வூட்டுக்கு வரட்டும். மத்தத ஊர்ல பேசிக்கலாம்."

ஜீப்புக்காரர் எழுந்து உள்ளே போனார். பேனாவை வாங்கிக்கொண்டு, கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒரு வரியும் வேண்டாம் என்றார் கண்காணிப்பாளர். அவர் கையெழுத்துப் போட்டார். பேனா முனை அழுந்தி அடுத்த இரண்டு தாளிலும் அந்தப் பெயர் பதிந்திருந்தது.

கோலுக்குப் பட்டுத்துணி இல்லை, மாலை இல்லை. செய்தித்தாளில் சுற்றினோம். ரசீதில் 'மாட்டுத் தடி – 1' என்று இருந்தது. ஒப்படைத்து ரசீது வாங்கி வர என்னையும் அனுப்பினார்கள். ஜீப்பின் முன்சீட்டில் ஊர்க்கவுண்டர் அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். அதன் நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மலைப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். பள்ளியின் காட்சி மேசையில் கோல் சுமார் ஐந்து நிமிஷம் காட்சிக்கு இருந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு நான் போகவில்லை, பிறகு கேள்விப்பட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்களாம். சொன்னாராம். மூன்று இடத்தில் அவர் கதையை மெருகேற்றப் பார்க்க, மூன்று இடத்திலும் நிறுத்தி, திருப்பிச் சொல்ல வைத்தார்களாம். மின்சாரக் கடிதத்தை எப்படிப் படித்தார் என்று நடித்துக் காட்டச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். கூட்டமே உருண்டு சிரித்ததாம். சிரித்து முடித்த பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். கோல் திரும்பி வந்து நடக்கும் முதல் திருவிழாவுக்கு அவர் ஊருக்குள் வரக் கூடாது. ஓடைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். கோலுக்காக அத்தனை வருஷம் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள்.

திருவிழாவுக்கு எனக்கு அழைப்பு இருந்தது. காலையில் பஸ் ஏறிப் போய் இறங்கினால், ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தார்ச்சாலை ஓரத்தில் அவர் குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. அந்தப் பக்கம் மரங்களுக்குள் மேளம் கேட்டது.

"நீ போ பாப்பா. உன்ன வாணான்னு சொல்லலயே."

"போறேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கவில்லை, நான் பஸ்ஸில்தான் வந்திருந்தேன்.

பத்து மணி வாக்கில் நான்கு பெரிய மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஹெல்மெட்டில் கேமரா வைத்த பையன்கள்.

"அண்ணா, உள்ள என்ன சத்தம்? ஏதாவது ட்ரைபல் ஃபெஸ்டிவலா?"

அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "மாட்டுக்கு ஊசி போடற கேம்ப்பு, தம்பி."

"மேளம் அடிக்கிறாங்களே?"

"ஊசியப் பாத்தா மாடு மெரளும். மேளம் அடிச்சா அப்படியே நிக்கும். டாக்டரு சொல்லித்தான் அடிக்கிறாங்க."

ஒருவன் பையிலிருந்து டிரோனை எடுத்தான். "மேலேர்ந்து ஒரு ஷாட் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்க. சத்தம் கேட்டுச்சின்னா இரநூறு மாடும் அவுத்துக்கினு ஓடியாரும். வழி இது ஒண்ணுதான்."

அவர்கள் பாலத்தைப் பார்த்தார்கள். தங்கள் வண்டிகளைப் பார்த்தார்கள். நல்ல அருவி ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று கை நீட்டி, ஒரு மரம், ஒரு பம்புசெட்டு, அதில் குளிக்கும் ஓர் ஆள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கம் இரும்பு வளையங்கள் குலுங்கின. ஒரு தடவை. சற்று விட்டு மறுபடியும்.

அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு பாலத்துக்கு முதுகைக் காட்டித் தார்ச்சாலையின் நடுவில் போய் நின்றுகொண்டார், அடுத்து யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி.